நான்காம் பக்கத்தில் மறைக்க மறந்த பெயர்

சென்ற பெப்ரவரியில் கஜானி தொலைபேசியில் அழைத்தாள். ஒடென்சேயில் ஒரு பள்ளியில் வரலாறு படிப்பிக்கிறாள். ஆசிரியப் பயிற்சியின்போது அரை வருடம் என் வகுப்பின் பின்வரிசையில் இருந்து குறிப்பெடுத்தவள்.

"மிஸ், இந்த வருசம் எங்கட பள்ளியில ஜேர்மனிப் பயணம் இல்லை. கண்ணாடி வாங்கியிருக்கினம்."

"என்ன கண்ணாடி?"

"தலையில மாட்டுறது. பிள்ளையள் கதிரையில இருந்தபடியே நாசிகளின்ர முகாமைச் சுத்திப் பாக்கலாம். பன்னிரண்டு நிமிசம்."

அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் அசைந்தேன்.

"நீங்கள் பிள்ளையளை எப்பிடிக் கூட்டிக்கொண்டு போனீங்கள், என்ன செய்வீங்கள் எண்டு எழுதித் தாங்கோ மிஸ். ஆசிரியர் கூட்டத்தில வாசிக்கப் போறன்."

டெனிஷில் ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். ஒழுங்குமுறைகள் மட்டும். அதில் எழுத முடியாததை இங்கே தமிழில் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். வேலையை விட்டு இறங்கினால் கோபமும் இறங்கும் என்று எனக்குச் சொன்னவர்கள் தெரியாமல் சொல்லியிருக்கிறார்கள்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எண்பதுகளின் நடுவில், டெனிஷ் பேசும் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தேன். பிராண்டேயில் ஒரு பின்னல் உடுப்புத் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டி தைத்தேன். மாலையில் மொழி வகுப்பு. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பிறகு ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான்கு வருடம். என் உச்சரிப்பைத் திருத்துவதிலேயே விரிவுரையாளர்களுக்குப் பாதி நேரம் போனது. சில்க்போர்க்குக்கு வெளியே உள்ள ஒரு பள்ளியில் டெனிஷும் வரலாறும் படிப்பிக்க எடுத்தார்கள். கடைசிவரை அங்கேயே இருந்தேன்.

முதல் பத்து வருடமும் ஒன்பதாம் வகுப்புக்கு நான் பாடப்புத்தகத்தில் இருந்ததையே சொல்லிக் கொடுத்தேன். 1943 ஒக்ரோபரில் இந்த நாட்டு யூதர்களைப் பிடிக்க நாசிகள் வந்தபோது, சாதாரண மக்கள் அவர்களை ஒளித்துவைத்து மீன்பிடிப் படகுகளில் சுவீடனுக்கு அனுப்பினார்கள். அது உண்மை. அழகான உண்மை. பிள்ளைகள் அந்தப் பாடத்தின்போது நிமிர்ந்து இருப்பார்கள். எனக்கும் பிடித்திருந்தது. என்னை உள்ளே விட்ட நாடு இப்படிப்பட்ட நாடுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு கோடை விடுமுறையில் என் கணவர் காரோட்ட, ஜேர்மனியில் ராவன்ஸ்ப்ரூக் நினைவிடத்துக்குப் போனேன். பெண்களை அடைத்து வைத்த முகாம் அது. வகுப்பைக் கூட்டிவர முடியுமா என்று பார்க்கத்தான் போனேன். போன பிறகு முதலில் கண்ணில் பட்டது ஏரி. மறுகரையில் மரங்களும் தேவாலயக் கோபுரமும். எங்கள் ஊர் ஏரியைப்போலவே இருந்தது. முகாமில் எரித்த பிணங்களின் சாம்பலை அந்த ஏரிக்குள்தான் கொட்டியிருக்கிறார்கள். ஒரு குடும்பம் மறுகரையில் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தது.

"இஞ்ச பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரப்போறியோ?" என்று கணவர் கேட்டார்.

"ஓம்."

"அதுகளுக்கு என்னத்தைக் காட்டப்போறாய்? எல்லாத்தையும் இடிச்சுப்போட்டாங்கள்."

அவர் சொன்னது சரி. காட்டுவதற்கு அங்கே அதிகம் இல்லை. கறுப்புக் கல் பரவிய பெரிய வெளி. குடிசைகள் நின்ற இடங்கள் பள்ளமாகத் தெரியும். மதிலோரம் ரோசாச் செடிகள். அடியில் புதைத்த மனிதர்கள். நான் தேடியது காட்சி அல்ல என்று அங்கே நின்றபோது விளங்கியது. நினைவிடத்தின் வாசிப்பு அறையில் இறந்தவர்களின் பெயர்ப் புத்தகம் இருந்தது. அங்கே வேலை செய்த பெண், நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு கைதி அட்டையின் பிரதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஹெர்தா என்று ஒரு பெயர். யூதப் பெண். வயது இருபத்தாறு. பிறந்தது ஹம்பேர்க். கைதாவதற்கு முன் கடைசியாக வசித்த இடம் என்ற கோட்டில் ஒரு டெனிஷ் ஊரின் பெயர் இருந்தது. என் பள்ளியிலிருந்து காரில் அரை மணி நேரத் தூரம்.

"இவள் எப்படி இங்கே வந்தாள்? எங்கட ஆக்கள் எல்லாரும் சுவீடனுக்கு அல்லவோ போனவை?" என்று கேட்டேன். எங்கட ஆக்கள் என்றுதான் சொன்னேன்.

"இவள் உங்கட ஆள் இல்லை," என்றார் அந்தப் பெண். "இவள் அந்தப் படகுகளுக்கு முன்பே உங்களிட்ட அகதியாக வந்தவள். நீங்கள் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்."

நான் அதை நம்பாமல் ஊருக்குத் திரும்பி ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். ஒரு மாதத்தில் அவளுடைய கோப்பைப் பார்க்க அனுமதி வந்தது. மெல்லிய கோப்பு. ஒன்பது தாள். அதில் இரண்டாவது தாள் ஹெர்தா தன் கையால் டெனிஷில் எழுதிய கடிதம். மாடு கறக்கத் தெரியும், கையுறை தைக்கத் தெரியும், இன்னும் மூன்று மாதம் இருக்க விடுங்கள் என்று கேட்டிருந்தாள். டெனிஷில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் இரண்டில் ஒரு முன்சொல் வரும். எதற்கு எது என்பதற்கு விதி இல்லை, பிறந்ததிலிருந்து காதில் விழுந்திருக்க வேண்டும். அவள் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டிருந்தாள். நான் முதல் வருடம் எழுதிய கடிதங்களில் விட்ட அதே பிழைகள். காப்பக மேசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

மற்றத் தாள்கள் எல்லாம் தட்டச்சு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இன்ன நாள் எல்லைவரை அழைத்துச் செல்லப்படுவார். அழைத்துச் சென்ற அதிகாரியின் பெயர். அவருடைய கையெழுத்து. நல்ல, வட்டமான கையெழுத்து.

அன்றிலிருந்து என் பாடம் மாறியது. படகுகளை நான் விடவில்லை. படகுகளோடு இதையும் சேர்த்தேன்.

கஜானி கேட்ட ஒழுங்குமுறை இதுதான். பிணக் குவியல் படங்களை ஒருபோதும் காட்டுவதில்லை. நீ இப்போது ரயில் பெட்டியில் இருக்கிறாய், என்ன உணர்கிறாய் என்று நாடகம் ஆடவிடுவதில்லை. பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒவ்வொரு பிள்ளையும் பெயர்ப் புத்தகத்திலிருந்து ஒரு பெயரை எடுக்கும். அந்தப் பெண் எப்படிச் செத்தாள் என்பதைத் தேடக்கூடாது. என்ன வேலை செய்தாள், எந்தத் தெருவில் இருந்தாள், யாரோடு சண்டை பிடித்தாள், அதைத்தான் தேட வேண்டும். நினைவிடத்தில் இறங்குமுன் பஸ்ஸிலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும். கைத்தொலைபேசிகள் எல்லாம் ஒரு துணிப்பையில். பையை நான் தோளில் போட்டுக்கொள்வேன். இருபது நிமிடம் யாரும் பேசாமல் நடப்பது. பிறகு ஏரிக்கரையில் வட்டமாக நின்று, ஒவ்வொருவராக, பெயரையும் அந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியத்தையும் சொல்வது. அழவேண்டிய தேவை இல்லை. அழாத பிள்ளையை யாரும் பார்க்கவும் கூடாது.

திரும்பி வந்த அடுத்த பாடத்தில் ஒரு கேள்விதான். இது யார் யாருடைய கைகளைத் தாண்டிப் போனது? தட்டச்சு செய்தவர், கதவைத் தட்டியவர், ரயில் சீட்டு எழுதியவர், பக்கத்து வீட்டுக்காரர். பிள்ளைகள் பெரிய தாளில் எழுதிக்கொண்டே போவார்கள். எழுத எழுத வகுப்பு அமைதியாகும். அந்த அமைதிக்காகத்தான் நான் அறுநூறு கிலோமீற்றர் பஸ்ஸில் இருந்து முதுகு நொந்தேன்.

ஹெர்தாவின் கோப்பையும் ஒரு பிள்ளைக்குக் கொடுப்பேன். அதிகாரியின் பெயர் வரும் இடங்களில் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்த பிறகுதான் போட்டோக்கொப்பி எடுப்பேன். அவருடைய சந்ததி இதே வட்டாரத்தில் இருக்கலாம். அவர்களைக் குத்துவது என் நோக்கம் அல்ல.

எங்கள் ஆட்களிடமும் எனக்கு ஏச்சு விழுந்தது. பிராண்டேயில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், எல்லோரும் இருக்க, ஒரு அண்ணை கேட்டார்: "ரீச்சர், எங்கட சனம் செத்ததுக்கு உங்கட வகுப்பில இடம் இல்லையோ? யூதரின்ர கதையைத்தான் காவித் திரியிறியளாம்."

"அண்ணை, பரீட்சைக்கு உள்ள பாடம் அது. என்ர கதையை நான் வகுப்புக்குள்ள கொண்டுபோறேல்லை. கொண்டுபோனால், உவ தன்ர கதையைத்தான் சொல்லுறா எண்டு ஒரே சொல்லில தள்ளிப்போடுவினம்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருக்கு அன்று சொன்னதை நான் எவ்வளவு சரியாகச் சொல்லியிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முந்திய வகுப்பு. எமிலி என்று ஒரு பிள்ளை. அதிகம் கதைக்காதவள், எழுத்தில் கெட்டிக்காரி. அவளுக்குத்தான் ஹெர்தாவைக் கொடுத்தேன். மூன்று வாரமும் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நல்லாய்ச் செய்கிறாள் என்று நினைத்தேன்.

ராவன்ஸ்ப்ரூக்கில் அன்று காற்று. ஏரிக்கரையில் வட்டமாக நின்றோம். எமிலியின் முறை வந்தது. தாளைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஹெர்தா. அவளுக்குக் கையுறை தைக்கத் தெரியும். அவளை எல்லைக்குக் கொண்டுபோய் விட்டது என்ர அம்மாவின்ர தாத்தா."

எங்கே பிழை விட்டேன் என்று மனதுக்குள் ஒன்பது தாளையும் புரட்டினேன். எமிலி பக்கத்தில் நின்ற பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "உன்ர முறை," என்றாள். அந்தப் பிள்ளை தான் எடுத்த பெயரைச் சொல்ல, வட்டம் தொடர்ந்தது.

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். டெனிஷில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் சொல்வார்கள், ஆகவே அப்படியே எழுதுகிறேன். அவள் பையிலிருந்து தாள்களை எடுத்து நான்காம் பக்கத்தைக் காட்டினாள். கீழ் மூலையில், முத்திரைக்கு அடியில், மங்கலாக ஒரு பெயர். நான் மறைக்காமல் விட்ட இடம். ஹான்சன், யென்சன் என்று ஊரெல்லாம் உள்ள பெயராக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அது இந்த நாட்டில் ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான் இருக்கும் பெயர்.

"எப்ப கண்டனி?"

"முதல் நாளே."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் வேற பெயர் தந்திருப்பாய்."

ஆம், கொடுத்திருப்பேன்.

அங்கேயே தாய்க்குத் தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. வீட்டில் பிள்ளையே சொல்லட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பஸ்ஸில் கைத்தொலைபேசிகளைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். அதற்குள் ஒரு பிள்ளை வீட்டுக்குச் சொல்ல, அந்தப் பெற்றோர் குறுஞ்செய்தி அனுப்பி, பஸ் ஜேர்மன் எல்லையைத் தாண்டுமுன்பே தாய்க்கு விஷயம் போய்விட்டது. இதில் எனக்கு என்மீதே கோபம். இன்றும் உண்டு.

தாயின் பெயர் லோனெ. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவர். திங்கட்கிழமை வேலை உடுப்போடு நேராகப் பள்ளிக்கு வந்தார். ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

"நீ அவரைப் பார்த்திருக்கிறியா?" என்று கேட்டார். "கடைசி இரண்டு வருசமும் அவரைக் குளிக்க வார்த்தது நான். அவரைப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தனான். எங்கட வீட்டுச் சுவரில அவர்ர படம் இருக்கு. நேற்று என்ர மகள் அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில வைச்சிருக்கிறாள். யார் உனக்கு அந்த உரிமையைத் தந்தது?"

"பெயரை மறைக்காமல் விட்டது என்ர பிழை. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்," என்றேன்.

"மற்றதுக்கு?"

"மற்றது நடந்தது."

அவர் திரும்பி நடந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தது புதன்கிழமை, அதிபரின் அறையில்.

அதிபர் ஹென்ரிக் குரலை உயர்த்தாத மனிதர். அவருடைய அறையில் பட்டப்பகலில் மெழுகுதிரி எரியும். மேசைக்கு எதிரே இருக்கமாட்டார். உங்களுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, குடுவையிலிருந்து கோப்பி ஊற்றித் தருவார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். வேண்டாம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "நான் சும்மா யோசிக்கிறன்," என்பார். அந்த யோசனையை மறுத்து வேலை செய்த ஒருவரையும் எனக்குத் தெரியாது.

"நான் சும்மா யோசிக்கிறன்," என்று தொடங்கினார். "பிள்ளைகள் ஒரு பயணத்தால் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போகவேணும், இல்லையா? எங்களிட்ட படகுக் கதை இருக்கு. உலகமே அதைப் பாராட்டுது. அதில நிண்டால் என்ன?"

"படகுக் கதையும் படிப்பிக்கிறன். இதுவும் நடந்தது, ஹென்ரிக்."

"நடந்தது, நடந்தது." தலையை ஆட்டினார். கோப்பியை என் பக்கம் தள்ளினார். "இன்னொண்டும் யோசிக்கிறன். பிழையாக எடுக்காதே. உன்ர சொந்தப் பின்னணி... அகதியாக வந்தது... அது இந்தப் பாடத்துக்குள்ள கொஞ்சம் கலந்திருக்குமோ? நீ அறியாமலே?"

இருபத்தைந்து வருடம். இருபத்தைந்து வருடமும் என் வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரு வார்த்தை அந்த வகுப்புக்குள் போகவில்லை. எந்த ஊரில் பிறந்தேன் என்று கேட்ட பிள்ளைக்குக்கூட வெளியில் வைத்துத்தான் பதில் சொன்னேன். அதே பள்ளியில், படகுக்காரர் வழிவந்த ஒரு ஆசிரியர் தன் பாட்டனின் கதையை வருடாவருடம் கண்ணீரோடு சொல்வார். அது சாட்சியம். அவருடைய பின்னணி எதிலும் கலந்ததாக ஹென்ரிக் யோசித்ததில்லை.

ஆனால் என்னை அன்று வாயடைக்க வைத்தது வேறொன்று. ஹெர்தாவின் கடிதத்தின் முன் நான் தலைகுனிந்து இருந்தது அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது. அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்தது. அந்தத் துளியைப் பிடித்துக்கொண்டு அவர் முழுவதையும் இழுத்துக்கொண்டார். நான் அகதி என்பதால் அந்தக் கோப்பைத் தேடிப் போனேன், உண்மைதான். அதனால் கோப்பில் இருந்தது பொய்யாகிவிடுமா? இதை அன்று கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சட்டி கழுவும்போதுதான் வாய்க்கு வந்தது.

ஹென்ரிக் எழுந்து கணினிக்குப் போய், இரண்டு விரலால் தட்டினார். கூட்டம் முடிந்தால் ரெஃபெராட் என்று ஒரு குறிப்பு எழுதி இரு தரப்பும் ஒப்பமிடுவது வழக்கம். அச்செடுத்து என் முன் வைத்தார். நான்கு வரி. பெற்றோரின் கவலை செவிமடுக்கப்பட்டது. குறித்த ஆவணம் இனிமேல் கற்பித்தலில் பயன்படுத்தப்படாது என ஒத்துக்கொள்ளப்பட்டது. யார் ஒத்துக்கொண்டார் என்று அதில் இல்லை. அந்த மொழியில் அப்படி ஒரு வாக்கிய அமைப்பு இருக்கிறது; செய்தவர் இல்லாமலே செயல் நடந்துவிடும். அதை எட்டாம் வகுப்பில் நானே படிப்பித்தேன்.

"அவசரம் இல்லை. வாசிச்சுப் பார்," என்றார். பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் வைத்தார்.

கையெழுத்துப் போட்டேன்.

யாரும் மிரட்டவில்லை. வேலை போகும் என்று யாரும் சொல்லவில்லை. மெழுகுதிரி எரிந்தது, கோப்பி சூடாக இருந்தது, அவர் புன்னகையோடு காத்திருந்தார். அறையை விட்டுப் போகவேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். நான் என்னை அந்த அதிகாரியோடு ஒப்பிடவில்லை. என் கையெழுத்தால் ஒருத்தியும் சாகவில்லை. ஆனால் ஒரு கை எப்படிப் பேனாவை எடுக்கிறது என்பது எனக்கு அன்று தெரிந்துவிட்டது. பிள்ளைகளிடம் வருடக்கணக்காகக் கேட்ட கேள்வி அது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"வைச்சிட்டியோ?"

"ஓம்."

"ஏன் வைச்சனீ?"

"தெரியேல்லை."

அவர் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் போனது.

எமிலி, ஒன்பதாம் வகுப்பின் பெரிய ஒப்படைக்கு ஹெர்தாவைத்தான் தலைப்பாக எழுதிக் கொடுத்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் அவளை நிற்கச் சொன்னேன்.

"கோப்பை இனிப் பாவிக்க ஏலாது. வேற தலைப்பு எடு."

"அம்மா சொன்னவவோ?"

"பள்ளியின்ர முடிவு."

"பள்ளி எண்டால் யார்?"

நான் படிப்பித்த கேள்வியையே என்னிடம் கேட்டாள். சொல்லத்தான் வேண்டியிருந்தது. "ஹென்ரிக் எழுதினவர். நான் கையெழுத்து வைச்சனான்."

அவள் ஏசவில்லை. "உன்ர போட்டோக்கொப்பியைத்தானே பாவிக்க ஏலாது?" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு நடந்ததை நான் அவளிடமிருந்தே பல நாள் கழித்துக் கேட்டேன். ஆவணக் காப்பகத்துக்கு அவளே தன் பெயரில் எழுதினாள். கோப்பைப் பார்க்க வரலாம் என்று பதில் வந்தது. அங்கே போக அவளுக்கு வழியில்லை. பஸ் இரண்டு மாற வேண்டும், அதுவும் பள்ளி நாளில். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கார் ஓட்ட முடியாது. இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசாத தாயிடம் போய்க் கேட்டாள். லோனெ கார்த் திறப்பை எடுத்தாராம். காப்பக வாசலில் இறக்கிவிட்டு, "நான் காருக்குள்ள இருக்கிறன்," என்றாராம். எமிலி உள்ளே போய் அரை மணி நேரம் இருக்கும். நிமிர்ந்து பார்த்தபோது தாய் மேசைக்கு மற்றப் பக்கத்தில் நின்றார். எமிலி தாள்களைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். ஒன்பது தாளையும் லோனெ நின்றபடியே வாசித்தார்.

ஒப்படைகளைப் பள்ளி மண்டபத்தில் பெற்றோர் முன்னிலையில் சொல்ல வேண்டும். எமிலி ஹெர்தாவின் கடிதத்தை வாசித்தாள், பிழைகளோடு, ஒன்றையும் திருத்தாமல். ஹெர்தா தைத்த கையுறைகள் எந்தக் கடைக்குப் போயின என்பதைக் கண்டுபிடித்திருந்தாள். அதிகாரியின் முழுப் பெயரையும் சொன்னாள். "இவர் என்னுடைய குடும்பம். என் அம்மா இவரை நேசித்தார். இரண்டும் இங்கே எழுதப்பட்டிருக்கிறது," என்று முடித்தாள். தடையில்லாமல் நானே கோப்பைக் கொடுத்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. அதையும் எழுத வேண்டும்.

பின்வரிசையில் இருந்த ஹென்ரிக் முதலில் எழுந்து கை தட்டினார். வெளியே வரும்போது என் தோளில் கை வைத்து, "பலமான வேலை. எங்கட பள்ளி எப்படிப்பட்ட பள்ளி எண்டதை இது காட்டுது," என்றார். அடுத்த வாரம் எமிலியின் படம் பள்ளி இணையத்தளத்தில் வந்தது. துணிச்சலான வரலாற்றுக் கற்பித்தல் என்று தலைப்பு. கீழே அதிபரின் இரண்டு வரி.

அன்றே ஒரு கடிதம் எழுதினேன். இன்ன நாள் ரெஃபெராட்டில் நான் வைத்த கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், ஒத்துக்கொள்ளப்பட்டது என்ற வரி பொய், நான் ஒத்துக்கொள்ளவில்லை, அஞ்சினேன். இதே சொற்கள். கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"இதுக்கு இனி என்ன தேவை? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே."

"கோப்பில வை."

"இதை எங்க வைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. இப்படி ஒண்டுக்கு இடமே இல்லை."

"இடத்தை உண்டாக்கு," என்றேன். அந்த அறையில் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தரம்தான். அவர் கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். கோப்புக்குள் போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஓய்வு பெறும்வரை அந்த நான்கு வருடமும் ஹெர்தாவை ஒவ்வொரு வகுப்புக்கும் கொண்டுபோனேன். அவர் பிறகு யோசிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. எமிலி பேசிய அந்த நாள், மண்டபம் காலியான பிறகு, கார்த் தரிப்பிடத்தில் லோனெ எனக்காகக் காத்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையில்லாமல் காரில் சாய்ந்து நின்றார்.

"உன்னோட எனக்கு இன்னும் கோபம்தான்," என்றார்.

"தெரியும்."

"அந்தக் கோப்பில, எல்லைக்குப் போன நாளைப் பற்றி வேற ஏதும் இருந்ததோ? நீ பலதரம் வாசிச்சிருப்பாய். அவளிட்ட சாமான் ஏதும் இருந்தது எண்டு?"

"ஒரு பெட்டி. அவ்வளவுதான் எழுதியிருக்கு."

லோனெ தலையை ஆட்டினார். அதைத்தான் எதிர்பார்த்தவர்போல. பிறகு என்னைப் பார்க்காமல், பள்ளியின் இருண்ட யன்னல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவர் அதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். ரயிலுக்குள்ள ஏற்றியும் விட்டிருப்பார். வழியில அவளுக்குக் குளிருதோ எண்டு கேட்டிருப்பார். அப்படிப்பட்ட மனிசன் அவர். அதைத்தான் எனக்குத் தாங்க ஏலாமல் கிடக்கு."